627001: ஜங்ஷன் பின்கோடு எண்ணைக் கையால் பிரித்துப் பார்ப்பது எப்படி

கணித மன்றத்துக்கோ பள்ளிக் கண்காட்சிக்கோ “ஒரு பெரிய எண்ணின் பண்புகள்” என்று தலைப்பு எடுப்பவர்கள் நிறையப் பேர். இணையத்தில் எண்ணைத் தட்டினால் பட்டியல் வந்துவிடும், அதைச் சார்ட்டில் எழுதிவிடலாம். சிக்கல் வருவது நடுவர் வந்து நின்று, “இது 71-ஆல் வகுபடும்னு எப்படித் தெரியும்? 8831 பகா எண்ணுன்னு யார் சொன்னா?” என்று கேட்கும்போதுதான். அங்கே முழிக்காமல் இருக்க வேண்டுமென்றால் ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இங்கே திருநெல்வேலி ஜங்ஷன் பின்கோடான 627001-ஐ எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை போகிறோம். பாளைக்காரர்களும் டவுன்காரர்களும் தங்கள் எண்ணுக்கு இதே வரிசையில் போடலாம். எங்கே வித்தியாசப்படும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறது.

தேவையானவை: ஒரு கோடு போட்ட நோட்டு, 97 வரையுள்ள 25 பகா எண்களின் பட்டியல், ஒரு கால்குலேட்டர். கால்குலேட்டர் 12 இலக்கம் காட்டுவதாக இருக்கட்டும், கடைகளில் பில் போட வைத்திருப்பார்களே அதுதான். 8 இலக்கக் கால்குலேட்டர் 8-ஆம் படியில் காலை வாரிவிடும். வீட்டில் ஒன்று கிடந்தால் புதிதாக வாங்க வேண்டாம், அப்படியானால் மொத்தச் செலவே நோட்டும் கடைசியில் எடுக்கும் ஜெராக்ஸும்தான். நேரம்: நிதானமாகப் போட்டால் ஒரு சனிக்கிழமை காலை போதும்.

1. எண்ணை உறுதிசெய்யுங்கள்

சின்ன வேலை என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு இலக்கம் மாறினால் கீழே உள்ள எல்லாமே வேறு. ஆதார் அட்டையிலோ வீட்டுக்கு வந்த தபால் உறையிலோ இருப்பதைப் பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஜங்ஷன் 627001, பாளையங்கோட்டை 627002, டவுன் 627006. தென்காசி தனி மாவட்டமாகி 2019-இல் பிரிந்த பிறகும் அதன் பின்கோடு 627 என்றுதான் தொடங்குகிறது. அதனால் மாவட்டப் பெயரை வைத்து முதல் மூன்று இலக்கத்தை ஊகிக்கவும் கூடாது.

நோட்டில் எழுதும்போது 6,27,001 என்று கால்புள்ளி வைத்து, பக்கத்திலேயே ஆறு லட்சத்து இருபத்தேழாயிரத்து ஒன்று என்று எழுத்தாலும் எழுதிவிடுங்கள். நடுவில் உள்ள இரண்டு சுழியத்தில் ஒன்றை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

2. எதுவரை வகுக்க வேண்டும் என்று எல்லை போடுங்கள்

791 × 791 = 625681. 792 × 792 = 627264. நம் எண் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. ஆகவே அது வர்க்க எண் இல்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. இன்னொன்றும் கிடைக்கிறது: இந்த எண்ணுக்கு 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இருந்தால், அதில் ஒன்றாவது 791-க்குள் இருந்தே ஆக வேண்டும்.

791 வரை 138 பகா எண்கள் உள்ளன. ஒரு வகுத்தலுக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் 276 நிமிடம், அதாவது நாலரை மணி நேரத்துக்கு மேல். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் கையால் போடுவதையே கைவிடுகிறார்கள். அவ்வளவு தேவைப்படாது, அடுத்த படியைப் பாருங்கள்.

3. வகுக்காமலேயே ஏழு பகா எண்களைக் கழியுங்கள்

627001 என்பது 627000-ஐவிட ஒன்று கூடுதல். 627000-ஐப் பிரிப்பது சுலபம்: 627 = 3 × 11 × 19, 1000 = 2 × 2 × 2 × 5 × 5 × 5. ஆக 2, 3, 5, 11, 19 ஐந்தும் 627000-ஐ மீதியில்லாமல் வகுக்கும். அப்படியென்றால் 627001-ஐ வகுக்கும்போது ஐந்துக்கும் மீதி 1 வரும். ஐந்தும் போயிற்று.

அடுத்து 7-ம் 13-ம். 7 × 11 × 13 = 1001 என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ள பெருக்கல் வேறில்லை. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். இங்கே 627, 001 என்று இரண்டு துண்டுதான். 627 − 1 = 626. 626-ஐ 7 வகுக்காது (7 × 89 = 623). 13-ம் வகுக்காது (13 × 48 = 624). ஆகவே 627001-ஐயும் அவை வகுக்கா.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த முறை வகுபடுமா படாதா என்பதைச் சொல்லும். ஆனால் முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டைக் கழித்ததால் மீதியின் குறி மாறியிருக்கும். 626-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. 627001-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 4, அதாவது 7 − 3. அட்டவணையில் மீதியை எழுதுவதானால் இதைக் கவனித்து எழுதுங்கள்.

4. மிச்சமுள்ளவற்றை வரிசையாக வகுத்து மீதியை எழுதுங்கள்

கால்குலேட்டரில் மீதி நேராகக் கிடைக்காது. 627001 ÷ 23 போட்டால் 27260.913043 என்று வரும். முழு எண் பகுதியான 27260-ஐ 23-ஆல் பெருக்கி (626980), அதை எண்ணிலிருந்து கழித்தால் மீதி 21. சிலர் குறுக்குவழியாகத் தசமப் பகுதியை மட்டும் 23-ஆல் பெருக்குவார்கள். 20.999989 என்று வரும், அதைப் பார்த்து 20 என்று எழுதிவிடுவார்கள். பெருக்கிக் கழிக்கும் முறையே நல்லது, இலக்கம் எதுவும் வெட்டுப்படாது.

வரிசையாக வரும் மீதிகள்:

17-க்கு 7
23-க்கு 21
29-க்கு 21
31-க்கு 26
37-க்கு 36
41-க்கு 29
43-க்கு 18
47-க்கு 21
53-க்கு 11
59-க்கு 8
61-க்கு 43
67-க்கு 15
71-க்கு 0

23, 29, 47 மூன்றுக்கும் மீதி 21 என்று வருவதைப் பார்த்ததும் எங்கோ தப்பாகப் பார்த்து எழுதிவிட்டோம் என்று தோன்றும். தப்பில்லை. 23 × 29 × 47 × 20 = 626980. நம் எண் அதைவிட 21 கூடுதல். அதனால்தான் மூன்றும் ஒரே மீதியைத் தருகின்றன. நடுவர் கேட்டால் சொல்ல இது அருமையான பதில்.

37-க்கு மீதி 36 என்பதையும் அடிக்கோடிட்டு வையுங்கள். இன்னும் ஒன்று கூட்டினால் 37-ஆல் வகுபடும். அந்த “இன்னும் ஒன்று” பாளையங்கோட்டையின் எண். அடுத்த படியில் அது தேவைப்படும்.

71-இல் கதவு திறந்துவிட்டது: 627001 = 71 × 8831. பகா எண் வரிசையில் 71 இருபதாவது. 40, 50 வரை போட்டுப் பார்த்து எதுவும் வகுக்கவில்லை என்று “இது பகா எண்” என எழுதி மூடியவர்களின் நோட்டு இந்த இடத்தில்தான் தப்பாகிறது. எல்லை 791 என்று போட்டிருந்தால், அதைத் தொடும்வரையோ காரணி கிடைக்கும்வரையோ நிறுத்தக் கூடாது.

5. கிடைத்த ஈவையும் சோதியுங்கள், அதே எண்ணிலிருந்து

8831 பகா எண்ணா? 93 × 93 = 8649, 94 × 94 = 8836. எல்லை 93. அதற்குள் கடைசிப் பகா எண் 89.

மறுபடியும் 2-இலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 8831-ஐ வகுக்கும் எதுவும் 627001-ஐயும் வகுக்கும். 71-க்குக் கீழே எதுவும் வகுக்காது என்று ஏற்கனவே பார்த்தாயிற்று. ஆகவே ஐந்தே ஐந்து வகுத்தல்: 71-க்கு மீதி 27, 73-க்கு 71, 79-க்கு 62, 83-க்கு 33, 89-க்கு 20. எதுவும் வகுக்கவில்லை. 8831 பகா எண்.

முந்தைய படியில் 13, இங்கே 5, மொத்தம் 18 வகுத்தல். 138 எங்கே, 18 எங்கே! நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

“71-ஆல் ஒருமுறை வகுத்துவிட்டோமே, அடுத்து 73-இலிருந்து போவோம்” என்று நினைத்தால் அதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய குழி. ஜங்ஷன் எண்ணில் தப்பித்துவிடுவீர்கள், பாளை எண்ணில் மாட்டுவீர்கள். 627002 = 2 × 313501. 313501-ஐ 37-ஆல் வகுத்தால் 8473. இங்கே 41-இலிருந்து தொடங்கி 89 வரை போட்டால் எதுவுமே வகுக்காது, 8473 பகா எண் என்று நிம்மதியாக எழுதிவிடுவீர்கள். ஆனால் 8473 = 37 × 229. சரியான விடை 627002 = 2 × 37 × 37 × 229. ஒரு காரணி கிடைத்ததும், அதே காரணியால் இன்னொருமுறை வகுத்துப் பார்க்காமல் அடுத்த எண்ணுக்குப் போகவே கூடாது.

6. பெருக்கிச் சரிபாருங்கள்

71 × 8831-ஐக் கையால் பெருக்கி 627001 வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒன்பதுச் சோதனை, அதாவது இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டி ஒப்பிடுவது: 7 + 1 = 8. 8 + 8 + 3 + 1 = 20, அது 2. 8 × 2 = 16, அது 7. நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 16, அதுவும் 7. பொருந்துகிறது.

ஆனால் ஒன்பதுச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். 8831-ஐ 8813 என்று இடம் மாற்றி எழுதியிருந்தாலும் அது “சரி” என்றே சொல்லும், இலக்கங்கள் அதேதானே. பதினொன்றுச் சோதனை அதைப் பிடிக்கும். வலமிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 71-க்கு 1 − 7 = −6, 11 கூட்டினால் 5. 8831-க்கு 1 − 3 + 8 − 8 = −2, அதாவது 9. 5 × 9 = 45, அதில் 11-இன் மடங்கான 44 போக மீதி 1. 627001-க்கும் மீதி 1. பொருந்துகிறது. 8813 என்று எழுதியிருந்தால் 5 × 2 = 10 வந்து குட்டு உடைந்திருக்கும்.

7. காரணிகளிலிருந்து கிடைக்கும் பண்புகளை எழுதுங்கள்

கடினமான பகுதி முடிந்தது. இனிமேல் வருவதெல்லாம் 71, 8831 என்ற இரண்டு எண்களிலிருந்து பத்து நிமிடத்தில் கிடைப்பவை.

காரணிகள் நான்கு: 1, 71, 8831, 627001. பக்கத்தில் இருக்கும் 627000-க்கு 128 காரணிகள் உண்டு. ஒரே ஒரு எண் தள்ளி 128, 4 என்று நிற்பதைச் சார்ட்டில் பெரிதாகப் போடுங்கள். பார்க்க வருகிறவர்கள் நின்று படிப்பது இதைத்தான்.

காரணிகளின் கூட்டுத்தொகை (1 + 71) × (1 + 8831) = 72 × 8832 = 635904. எண்ணையே கழித்துவிட்டால் 8903. இது எண்ணைவிட மிகச் சிறியது, ஆகவே 627001 ஒரு குறை எண். டவுன் எண் நேர்மாறு: 627006 = 2 × 3 × 31 × 3371. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் 667842 வருகிறது, அது எண்ணைவிடப் பெரியது. அது மிகை எண். 6-இன் மடங்காக உள்ள எந்த எண்ணும், 6-ஐத் தவிர, மிகை எண்தான். டவுன்காரர்களுக்கு இந்தப் பகுதி சுலபம்.

1 முதல் 627001 வரை இந்த எண்ணோடு பொதுக் காரணி இல்லாத சார்பகா எண்கள் எத்தனை? 70 × 8830 = 618100. வேறு வழியிலும் சரிபாருங்கள்: 71-இன் மடங்குகள் 8831, 8831-இன் மடங்குகள் 71, இரண்டையும் கழித்துவிட்டு 1 கூட்ட வேண்டும். 627001 என்ற எண் இரண்டு பட்டியலிலும் இருப்பதால் இரண்டு முறை கழிபட்டுவிடுகிறது, அதற்காகத்தான் அந்த 1. இதை மறந்தால் 618099 என்று வந்து நிற்கும்.

பாளைக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 37 இரண்டு முறை வருவதால் 36 × 36 போடக் கூடாது, 37 × 36 போட வேண்டும். 627002-க்கு 1 × 37 × 36 × 228 = 303696.

8. வர்க்கங்களாக எழுதிப் பாருங்கள்

*இரு வர்க்கங்களின் வித்தியாசம்.* காரணி ஜோடியின் கூட்டலில் பாதி, கழித்தலில் பாதி. (8831 + 71) ÷ 2 = 4451, (8831 − 71) ÷ 2 = 4380. ஆகவே 4451² − 4380² = 627001. இன்னொரு ஜோடி 1, 627001: அது 313501² − 313500² என்று வரும். இந்த 313501 பாளை எண்ணில் சரிபாதி என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன் வர்க்கம் 98282877001, பதினோரு இலக்கம். 8 இலக்கக் கால்குலேட்டர் பிழை காட்டும் இடம் இதுதான்.

வர்க்க வித்தியாசத்தை வைத்தே காரணியைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்று உண்டு, 792-இலிருந்து ஒவ்வொன்றாக ஏறி, வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்து, மிச்சம் வர்க்கமா என்று பார்ப்பது. இரண்டு காரணிகளும் அருகருகே இருந்தால் சட்டென்று வேலை முடியும். இங்கே 71-ம் 8831-ம் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. 792-இலிருந்து 4451 வரை 3660 முறை போட்டால்தான் விடை. இந்த எண்ணுக்கு அதைத் தொட வேண்டாம்.

*இரு வர்க்கங்களின் கூட்டல்.* பலர் ஏமாறுவது இங்கேதான். 627001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. “4-ஆல் வகுத்து மீதி 1 வந்தால் இரு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்” என்று படித்ததை வைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள். அந்த விதி பகா எண்ணுக்குத்தான். பகு எண்ணில் ஒவ்வொரு பகாக் காரணியையும் தனியாகப் பார்க்க வேண்டும். மீதி 3 தரும் பகாக் காரணி ஒற்றைப்படைத் தடவை வந்தால் முடியாது. 71-க்கு மீதி 3, 8831-க்கும் மீதி 3, இரண்டும் ஒவ்வொரு தடவை. ஆகவே 627001-ஐ அப்படி எழுதவே முடியாது. தேட வேண்டாம், காரணத்தை மட்டும் எழுதுங்கள்.

சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் பாளை, அங்கே முடிகிறது. 37-ம் 229-ம் மீதி 1 தருபவை. 2 × 229 = 458 = 17² + 13², அதை 37²-ஆல் பெருக்கினால் 629² + 481² = 627002.

*மூன்று வர்க்கங்களின் கூட்டல்.* 627001-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே இது நிச்சயம் முடியும். 791-இலிருந்து கீழே இறங்குங்கள். 791² போக மிச்சம் 1320, அதில் 3 ஒரே தடவை, ஆகாது. 790² போக 2901, அதிலும் 3 ஒரே தடவை. 789² போக 4480, அதில் 7 ஒரே தடவை. 788² போக 6057 = 9 × 673. 3 இரண்டு தடவை வருவதால் தடையில்லை, 673 = 23² + 12². ஒவ்வொன்றையும் 3-ஆல் பெருக்கினால் 69, 36. ஆகவே 627001 = 788² + 69² + 36².

9. இலக்கம் சார்ந்தவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்

இதுவரை பார்த்தவை எண்ணின் சொந்தப் பண்புகள். எந்த முறையில் எழுதினாலும் மாறாதவை. இனி வருபவை பத்தடி முறையில் எழுதுவதால் தெரிபவை. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதினால் விஷயம் தெரிந்த நடுவர் மதிப்பெண் குறைப்பார், குறைப்பது நியாயமும்கூட.

இலக்கங்களின் கூட்டல் 16. எண் ஒற்றைப்படை, அதனால் 16 அதை வகுக்காது.

எண்ணைத் திருப்பி எழுதினால் 100726. இரண்டையும் கூட்டுங்கள்: 627001 + 100726 = 727727. விகடகவி மாதிரி, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றுதான். பல எண்களுக்கு இப்படித் திருப்பித் திருப்பிக் கூட்ட வேண்டியிருக்கும், இதற்கு ஒரே கூட்டலில் வந்துவிட்டது. கூட்டும்போது எங்கும் அடுத்த இடத்துக்கு எதுவும் ஏறாததுதான் காரணம்: 6+1, 2+0, 7+0, 0+7, 0+2, 1+6, எல்லாமே 9-க்குள். 727727 = 727 × 1001 என்பதால் 3-ஆம் படியில் வந்த 1001 இங்கே திரும்பவும் தலைகாட்டுகிறது.

இரும முறையில் 1001 1001 0001 0011 1001. இருபது இலக்கம், அதில் ஒன்பது 1. பாதியாக்கிப் பாதியாக்கி மீதியை எழுதிக்கொண்டே போனால் இருபது வரியில் முடியும். மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், மேலிருந்து படிப்பது வழக்கமான தவறு. நாலு நாலாகப் பிரித்தால் பதினாறடி முறையில் 99139. எழுத்தே வராமல் இலக்கமாக மட்டும் அமைந்திருக்கிறது.

10. கணினியில் ஒப்பிட்டு, ஒப்படையுங்கள்

கணினிச் சரிபார்ப்பைக் கடைசியில் வையுங்கள். லினக்ஸ் உள்ள பள்ளி ஆய்வகக் கணினியில் டெர்மினலைத் திறந்து, ஃபேக்டர் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு எண்ணைக் கால்புள்ளி இல்லாமல் கொடுத்தால் 71, 8831 என்று உடனே காட்டும்.

நோட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை மூன்று தாள்கள்: 4, 5-ஆம் படிகளின் மீதி அட்டவணை, 6-ஆம் படியின் இரண்டு சோதனைகள், 8-ஆம் படியில் இரு வர்க்கக் கூட்டல் முடியாது என்பதற்கான காரணம். மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துச் சார்ட்டின் பின்னால் ஒட்டிவையுங்கள், மூலம் உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும். நடுவர் நோட்டைக் கேட்டால் முதலில் திறந்து காட்ட வேண்டிய பக்கம் 71-க்கு நேரே சுழியம் எழுதிய பக்கம்.